ரீடிங் காம்ப்ரிஹென்ஷன்: நுழைவுத் தேர்வை முதன்முறை எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேற்படிப்புக்கான ஜிஆர்இ, மேலாண்மைக்கான ஜிமேட், இளங்கலைக்கான சாட், சட்டத்துக்கான எல்சாட், ஐஐஎம்களுக்கான கேட் என்று எந்த நுழைவுத் தேர்வை எழுதியவரைக் கேட்டாலும் ரீடிங் காம்ப்ரிஹென்ஷன், அதாவது ஆங்கிலப் பத்தியைப் படித்து அதையொட்டிய கேள்விகளுக்கு விடை தரும் பகுதி, பற்றி ஒரே புலம்பல்தான் வரும்: “பத்தி புரிந்தது. இரண்டு ஆப்ஷன் வரை வந்துவிட்டேன். கடைசியில் தப்பானதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.” இந்தப் பகுதியோடு நெடுநாள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதற்குக் காரணம் பெரும்பாலும் ஆங்கில அறிவுக் குறைவு இல்லை. பத்தி சொல்லாத ஒன்றை நாமே சேர்த்துக்கொண்டு விடை தேடுகிறோம். சரியான விடை ஒவ்வொன்றுக்கும் பத்திக்குள் ஓர் ஆதார வரி உண்டு. அந்த வரியைத் தேடிப் பிடிப்பதைப் பழக்கமாக்குவதற்குத்தான் இந்த வழிகாட்டி. இனி சுருக்கமாக ஆர்சி என்றே எழுதுகிறேன்.

1. உங்கள் தேர்வின் கணக்கை முதலில் எழுதி வையுங்கள்

எல்லாத் தேர்விலும் ஆர்சி இருக்கிறது, ஆனால் ஒன்றுபோல வராது. ஜிஆர்இயில் வெர்பல், அதாவது மொழித்திறன் பகுதி, இரண்டு பகுதிகளாக வரும்: 18 நிமிடத்தில் 12 கேள்வி, அப்புறம் 23 நிமிடத்தில் 15 கேள்வி. அவற்றில் ஏறக்குறைய பாதி ஆர்சி, மீதி கோடிட்ட இடத்தை நிரப்பும் வகைகள். ஜிமேட்டில் வெர்பலுக்கு 45 நிமிடம், 23 கேள்வி. ஆர்சியும் கிரிட்டிகல் ரீசனிங்கும் (ஒரு வாதத்தை எடைபோடும் கேள்விகள்) மட்டும்தான். சாட்டில் 32 நிமிடம், 27 கேள்வி கொண்ட மாட்யூல்கள் (பகுதிகள்) இரண்டு. பத்திகள் 25 முதல் 150 சொற்கள்வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி. எல்சாட்டில் 35 நிமிடத்தில் பத்தியும் கேள்விகளும் சேர்ந்த நான்கு தொகுதிகள். அவற்றில் ஒன்றில் இரண்டு சிறு பத்திகளை ஒப்பிட வேண்டியிருக்கும். மருத்துவப் படிப்புக்கான எம்கேட்டில் 90 நிமிடம், ஒன்பது பத்தி, 53 கேள்வி. கேட் தேர்வில் அண்மை ஆண்டுகளில் வெர்பல் பகுதிக்கு 40 நிமிடம், 24 கேள்வி. அதில் 16 ஆர்சி, நான்கு பத்திகளிலிருந்து.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், புதிதாகத் தொடங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் முதல் இடம் இதுதான். சீனியர் ஒருவர் கொடுத்த பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உழைப்பார்கள். 2023-க்குப் பிறகு ஜிஆர்இ சுருங்கிவிட்டது. ஜிமேட்டிலிருந்து சென்டென்ஸ் கரெக்ஷன், அதாவது வாக்கியப் பிழை திருத்தும் கேள்விகள், போய்விட்டது. சாட்டின் நீண்ட பத்திகள் மறைந்துவிட்டன. பழைய புத்தகத்தின் பத்திகளைப் படிக்கப் பயன்படுத்தலாம், நேரக் கணக்குக்கு அது உதவாது.

விதிகள் மூன்றையும் சேர்த்து எழுதி வையுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையுமா? ஜிஆர்இ, சாட், எல்சாட், எம்கேட்டில் குறையாது, அதனால் ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விடாதீர்கள். கேட் தேர்வில் ஆப்ஷன் உள்ள கேள்விக்குச் சரியென்றால் 3, தவறென்றால் ஒன்று குறையும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நீண்ட கணக்கில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு ஆப்ஷனையாவது ஆதாரத்தோடு நீக்க முடிந்தால் குறிப்பதே லாபம். அடுத்து, விட்ட கேள்விக்குத் திரும்பி வர முடியுமா? ஜிஆர்இயில் அந்தப் பகுதிக்குள் முடியும். ஜிமேட்டில் பகுதியின் கடைசியில், நேரம் மிச்சமிருந்தால், மூன்று விடைகள்வரை மட்டுமே மாற்றலாம். இடையில் எதையும் தாண்டிப் போக முடியாது. கடைசியாக, ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ள கேள்வி வருமா? ஜிஆர்இயில் வரும். அதற்கான எச்சரிக்கை பின்னால்.

2. பதிவு, ஆவணம், செலவு

தேதியை முதலில் முடிவு செய்தால்தான் பயிற்சிக்குக் கெடு கிடைக்கும். விண்ணப்பிக்கும் கல்லூரியின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜிஆர்இயின் அதிகாரபூர்வ மதிப்பெண் வர 8 முதல் 10 நாள் ஆகும். மறுபடி எழுத 21 நாள் இடைவெளி வேண்டும். ஜிமேட்டில் இந்த இடைவெளி 16 நாள். ஆகவே, மறுமுறை எழுத வேண்டிவந்தாலும் தாக்குப்பிடிக்கும்படி, கடைசித் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முதல் தேர்வை வைத்துக்கொள்வது நல்லது. கேட் வருடத்துக்கு ஒரு முறைதான், வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறு. விட்டால் அடுத்த வருடம்தான்.

ஆவணத்தில் சிக்கல் வருவது பெயரில்தான். வெளிநாட்டுப் படிப்புக்கான தேர்வென்றால் காலாவதியாகாத பாஸ்போர்ட்டை நம்பியே பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயரை உள்ளிடுங்கள். இனிஷியலை விரிக்க வேண்டாம், சுருக்கவும் வேண்டாம், முன்பெயர் பின்பெயர் கட்டங்களை மாற்றிப் போடவும் வேண்டாம். பெயர் ஒத்துப்போகாவிட்டால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. பாஸ்போர்ட் இல்லையென்றால் தேர்வுத் தேதியைத் தேடும் முன் அதற்கு விண்ணப்பியுங்கள்.

செலவு: ஜிஆர்இக்கு 2024 நிலவரப்படி பெரும்பாலான நாடுகளில் 220 அமெரிக்க டாலர். தேர்வன்றே தேர்ந்தெடுத்தால் நான்கு கல்லூரிகளுக்கு மதிப்பெண் இலவசமாகப் போகும்; அப்புறம் அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அந்த நான்கு பெயர்களை முன்கூட்டியே எழுதி எடுத்துப் போங்கள். தேதியை மாற்றுவதற்கும் தனிக் கட்டணம் உண்டு, அதையும் குறைந்தது நான்கு நாள் முன்பே செய்தாக வேண்டும். மதிப்பெண் ஜிஆர்இக்கும் ஜிமேட்டுக்கும் ஐந்து ஆண்டு செல்லும். கேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைப் பருவத்துக்கு மட்டும்.

பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இலவசமாகக் கிடைப்பதை முடியுங்கள். ஜிஆர்இக்கு பவர்பிரெப் என்ற இணையப் பயிற்சியில் இரண்டு முழுத் தேர்வுகள், ஜிமேட்டின் தளத்தில் இரண்டு, சாட்டுக்கு புளூபுக் செயலியில் முழுத் தேர்வுகள், எல்சாட்டுக்கு லாஹப் என்ற பயிற்சித் தளத்தில் இலவசக் கணக்கு ஆகியவை எல்லாம் தேர்வை நடத்துபவர்களே தருபவை. ஆர்சியைப் பொறுத்தவரை இது மிக முக்கியம். கணக்குக் கேள்வியை யார் வேண்டுமானாலும் ஓரளவு ஒழுங்காக உருவாக்கலாம். ஆர்சி ஆப்ஷனை நுணுக்கமாக எழுதுவது கடினம். தனியார் மாதிரித் தேர்வுகள் பலவற்றில் ‘சரியான’ விடைக்கே ஆதார வரி இருக்காது. அவற்றில் பழகினால் கண் கெட்டுவிடும்.

3. பத்தியைப் படிக்கும் முறை

“முதலில் கேள்வியைப் படிக்கவா, பத்தியைப் படிக்கவா?” என்று எல்லாரும் கேட்பார்கள். சாட் போலப் பத்திக்கு ஒரு கேள்வி என்றால் கேள்வியை முதலில் பாருங்கள். ஒரு நீண்ட பத்திக்கு நான்கைந்து கேள்விகள் என்றால் பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும். நான்கு கேள்வியை மனதில் சுமந்துகொண்டு படித்தால் பத்தியும் ஏறாது, கேள்வியும் நிற்காது.

படிக்கும்போது தகவலை மனப்பாடம் செய்யாதீர்கள். பெயர், ஆண்டு, வேதிப்பொருள் எல்லாம் திரையிலேயே இருக்கும், தேவைப்படும்போது திரும்பிப் பார்க்கலாம். நீங்கள் பிடிக்க வேண்டியது வேறு: யார் எதைச் சொல்கிறார்கள், ஆசிரியர் அதை ஏற்கிறாரா, எந்த இடத்தில் பேச்சு திரும்புகிறது. திரும்பும் இடங்களைக் காட்டிக்கொடுக்கும் சொற்கள் உண்டு: ஹவ்எவர், யெட், ஆல்தோ, நெவர்தலெஸ். இவற்றைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள். அந்த வாக்கியத்திலோ அதற்கு அடுத்ததிலோதான் ஆசிரியரின் சொந்தக் கருத்து பெரும்பாலும் இருக்கும்.

ஒவ்வொரு பத்திப் பிரிவும் முடிந்ததும் கண்ணை எடுத்து, அது என்ன வேலை செய்தது என்று தமிழிலேயே ஒரு வரி சொல்லிக்கொள்ளுங்கள். ‘பழைய கருத்து’, ‘அதற்கு மறுப்பு’, ‘மறுப்புக்கு உதாரணம்’ என்ற அளவு போதும். நமக்கு ஓடுகிற மொழியிலேயே ஓடட்டும். ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வேகமாகப் படிக்கும் வித்தைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. படிக்க ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்தால் கேள்விகளில் அது திரும்பிவிடும். மேலோட்டமாகப் படித்தவர்தான் ஒவ்வொரு கேள்விக்கும் பத்தியை முதலிலிருந்து படிப்பார்.

4. ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம்

முறை புரிவதற்காகத் தமிழிலேயே ஒரு சிறு பத்தி:

“நகரங்களில் வாழும் சில பறவைகள், காட்டில் வாழும் அதே இனப் பறவைகளைவிட உயர்ந்த சுருதியில் பாடுகின்றன. வாகன இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருப்பதால், அதில் அமுங்கிப் போகாமலிருக்கவே பறவைகள் சுருதியை உயர்த்துகின்றன என்று ஆய்வாளர்கள் பலர் கருதினார்கள். ஆனால் உரக்கப் பாடும்போது சுருதியும் தானாகவே கூடுவதுண்டு. இரைச்சலை மீறிக் கேட்பதற்காகப் பறவைகள் உரக்கப் பாட, அதன் பக்கவிளைவாகச் சுருதி உயர்ந்திருக்கவும் கூடும்.”

கேள்வி: இந்தப் பத்தியின் முதன்மை நோக்கம் என்ன?

அ) நகர இரைச்சல் பறவைகளுக்குச் செய்யும் தீங்கைச் சுட்டிக்காட்டுவது
ஆ) நகரப் பறவைகள் உயர்ந்த சுருதியில் பாடுகின்றன என்ற கருத்தைத் தவறென்று நிறுவுவது
இ) ஒரு நிகழ்வுக்குச் சொல்லப்பட்ட விளக்கத்துக்கு மாற்று விளக்கம் ஒன்றை முன்வைப்பது
ஈ) உரக்கப் பாடும்போது சுருதி கூடும் என்பதை எடுத்துரைப்பது
உ) பறவைகளின் பாடல் மாற்றத்துக்கு இரைச்சல் காரணமில்லை என்று வாதிடுவது

ஆப்ஷன்களுக்குப் போகும் முன் உங்கள் விடையை உங்கள் சொல்லில் சொல்லிவிடுங்கள்: ‘பலர் ஒரு காரணம் சொன்னார்கள், ஆசிரியர் வேறொரு காரணமும் இருக்கலாம் என்கிறார்.’ இதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ‘இ’ தானாகவே எழுந்து நிற்கும். மற்றவை ஏன் விழுகின்றன என்பதில்தான் பாடம் இருக்கிறது.

‘அ’ நல்ல மனதைக் குறிவைக்கும் ஆப்ஷன். இரைச்சல் பறவைக்குக் கெடுதல் என்று நமக்குத் தோன்றுகிறது, அது உண்மையாகவும் இருக்கலாம். பத்தியில் தீங்கு என்ற பேச்சே இல்லை. ‘ஆ’வில் மறுப்பு இடம் மாறியிருக்கிறது: உயர்ந்த சுருதி என்ற தகவலை ஆசிரியர் ஏற்கிறார், காரணத்தைத்தான் கேள்வி கேட்கிறார். அதோடு ‘நிறுவுவது’ என்ற சொல், ‘கூடும்’ என்று முடிக்கும் ஒருவருக்குப் பொருந்தாது. ‘ஈ’ பத்தியில் உள்ள உண்மையான வரி, ஆனால் ஒரு பாகம் மட்டும்; நோக்கத்துக்கு அது துணை. நேரம் குறையும்போது அதிகம் பேர் விழுவது இதில்தான், ஏனென்றால் பத்தியின் சொற்கள் அப்படியே இருக்கும், கண்ணுக்குப் பழகிய மாதிரி தெரியும். ‘உ’ மிக நுட்பமானது. மாற்று விளக்கம் என்றதும் பழைய விளக்கத்தை முழுவதும் தள்ளிவிட்டதாக நினைக்கத் தோன்றும். ஆனால் இரண்டாவது விளக்கத்திலும் பறவை உரக்கப் பாடுவது இரைச்சலால்தானே?

இதிலிருந்தே ‘இன்ஃபர்’ கேள்வி, அதாவது ‘எதை ஊகிக்கலாம்’ வகை, எப்படி வரும் என்று பாருங்கள். ‘இரண்டு விளக்கங்களிலும் இரைச்சலுக்குப் பங்கு உண்டு’ என்பது விடையாக வரலாம். பத்தி அதை நேராகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னதிலிருந்து தவிர்க்க முடியாமல் வருகிறது. ‘இரைச்சல் குறைந்தால் பறவைகள் பழைய சுருதிக்குத் திரும்பும்’ என்பது சுவாரசியமான ஊகம்தான், விடை ஆகாது. ஆர்சியில் ஊகம் என்றால் ஓரடி மட்டும். இரண்டாம் அடி வைத்தால் பத்தியை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள்.

5. கேள்வி வகைகளில் கவனிக்க வேண்டியவை

‘எக்செப்ட்’ (இதைத் தவிர) என்று முடியும் கேள்வியில், பத்தியில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக வரி காட்டி அடித்துவிட்டு, மிஞ்சுவதைக் குறியுங்கள். நேராகத் தேடினால் பத்தியில் இருப்பதையே குறித்துவிடக் கை நீளும்.

ஜிஆர்இயில் மூன்று ஆப்ஷன்களுக்குச் சதுரக் கட்டம் இருந்தால் ஒன்றோ, இரண்டோ, மூன்றுமோ சரியாக இருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண், பாதி மதிப்பெண் என்பதே இல்லை. இங்கே ஆப்ஷன்களை ஒன்றோடொன்று ஒப்பிடாமல், ஒவ்வொன்றையும் தனி ‘சரி / தவறு’ கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சொற்பொருள் கேள்வியில், உங்களுக்குத் தெரிந்த முதல் பொருள் பெரும்பாலும் பொறியாகத்தான் இருக்கும். அந்தச் சொல்லை மறைத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வந்தால் பொருந்தும் என்று பாருங்கள், அப்புறம் ஆப்ஷனுக்குப் போங்கள்.

ஆசிரியரின் தொனி பற்றிய கேள்விகளில் அதீதமான சொற்கள் அபூர்வமாகவே விடையாகும். அதற்காக ‘ஒன்லி’, ‘நெவர்’ இருந்தாலே நீக்கு என்ற விதியை நம்பிவிடாதீர்கள். பத்தியே அவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருந்தால் விடையும் அப்படித்தான் இருக்கும்.

6. நேரத்தைப் பிரிப்பது

ஜிஆர்இயில் சராசரி ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். கோடிட்ட இடக் கேள்விகளை ஒரு நிமிடத்துக்குள் முடித்தால், ஆர்சிக்குப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டு நிமிடம் கிடைக்கும். அதனால் கோடிட்ட இடங்களை முதலில் முடித்துவிட்டு, நீண்ட பத்தியைக் குறியிட்டுக் கடைசியில் எடுப்பது பலருக்குச் சரிப்படும். கேட்டில் ஒரு பத்திக்கும் நான்கு கேள்விக்கும் ஏழரை நிமிடம் வைத்தால் நான்கும் 30 நிமிடத்தில் முடியும், மீதி எட்டுக் கேள்விக்குப் பத்து நிமிடம். எந்த வரிசையிலும் எடுக்கலாம் என்பதால், முதல் ஒரு நிமிடத்தில் நான்கு பத்தியின் தொடக்கத்தையும் பார்த்து, புரியும்படி இருப்பதை முதலில் எடுங்கள். எல்சாட்டில் தொகுதிக்கு எட்டே முக்கால் நிமிடம், எம்கேட்டில் பத்திக்குப் பத்து நிமிடம்.

ஒரே கேள்வியில் இரண்டு ஆப்ஷனுக்கு நடுவே நின்றுவிட்டால், எது ‘அதிகம் சரி’ என்று தேடாதீர்கள். எதில் பத்திக்கு ஒவ்வாத ஒரு சொல் இருக்கிறது என்று தேடுங்கள். அரை நிமிடத்தில் கிடைக்கவில்லையென்றால் ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள்.

7. தினசரிப் பயிற்சி

முதல் சில வாரம் கடிகாரமே வேண்டாம். நாளுக்கு இரண்டு பத்தி, ஒவ்வொரு விடைக்கும் ஆதார வரியின் எண்ணைப் பக்கத்தில் எழுத வேண்டும். வரி எண் எழுத முடியாத விடை, சரியாகவே வந்திருந்தாலும், தவறு என்று கணக்கு வையுங்கள். பிறகு கடிகாரத்தைச் சேருங்கள்.

தவறுக்கென்று ஒரு நோட்டு அவசியம். அதில் சரியான விடையை எழுதுவதைவிட, நீங்கள் குறித்த தவறான ஆப்ஷன் எந்த வகை என்று எழுதுவதே பயன்: ‘பத்தியில் இல்லை’, ‘மிகைப்படுத்தல்’, ‘ஒரு பாகம் மட்டும்’, ‘இடம் மாறிய மறுப்பு’. சில வாரத்தில் உங்கள் பலவீனம் ஒன்றிரண்டு வகையில்தான் குவிந்திருக்கும் என்று தெரியவரும். விளக்கக் குறிப்பைப் படித்துத் தலையாட்டுவதற்கு முன், நீங்களே காரணம் கண்டுபிடிக்கப் பாருங்கள்.

உங்களுக்குப் பிடிக்காத துறையில் கட்டுரை படியுங்கள். அறிவியல் படித்தவர்களுக்குக் கலை விமர்சனமும் தத்துவமும் தடுக்கும். கலைப் பிரிவினருக்கு உயிரியல் பத்தி என்றால் பயம். தெரிந்த துறையில் வரும் பத்திக்குத்தான் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் நம் அறிவு அங்கேதான் பத்தியை முந்திக்கொண்டு பதில் சொல்லும்.

அச்சுப் புத்தகத்தில் மட்டும் பழகாதீர்கள். இந்தத் தேர்வுகள் திரையில் நடப்பவை. திரையில் உருட்டிப் படிப்பதும், தாளில் அடிக்கோடிடாமல் வரியை நினைவில் பிடிப்பதும் தனிப் பழக்கம். முழு மாதிரித் தேர்வுகளைக் கடைசி நான்கு வாரத்துக்கு வையுங்கள், அதிகாரபூர்வ இரண்டில் ஒன்றைக் கடைசி வாரத்துக்கு முந்திய வாரத்துக்குச் சேமித்து வையுங்கள்.

8. தேர்வு நாள்

இப்போதைய ஜிஆர்இயில் இடைவேளை கிடையாது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார வேண்டும். மாதிரித் தேர்வுகளையும் அப்படியே எழுதிப் பழகியிருக்க வேண்டும். வீட்டிலிருந்து எழுதினால் வெற்றுத் தாளில் குறிப்பெடுக்க அனுமதி இல்லை. சின்ன வெள்ளைப் பலகையும் அழிக்கக்கூடிய மார்க்கரும் வாங்கி வையுங்கள். மையத்தில் எழுதினால் தாளை அவர்களே தருவார்கள்.

ஏதாவது ஒரு பத்தி ஒன்றுமே புரியாமல் வரும், அதற்குத் தயாராக இருங்கள். முதல் வாக்கியம், திரும்பும் சொல் உள்ள வாக்கியம், கடைசி வாக்கியம் ஆகிய மூன்றை மட்டும் நிதானமாகப் படித்துவிட்டு, வரி சுட்டிக் கேட்கும் கேள்விகளை முதலில் எடுங்கள். அந்த வரிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு வரி படித்தாலே பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும். நோக்கம், தொனி கேட்பவற்றைக் கடைசியில் பாருங்கள்; அதற்குள் பத்தி ஓரளவு பிடிபட்டிருக்கும். ஜிஆர்இயில் இரண்டாவது வெர்பல் பகுதி முதலாவதைவிடக் கடினமாகத் தோன்றினால் பதற வேண்டாம். முதல் பகுதியை நன்றாகச் செய்தவர்களுக்கு இரண்டாவது கடினமாகத்தான் வரும்.